பல் நோகும்வரை காத்திருக்கும் பழக்கம்



என்னிடம் வழமையாக வரும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். அவரிடம் கேட்டு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டே எழுதுகிறேன்.

அவருக்குப் பல வருடங்களாக நீரிழிவு. சோற்றைக் குறைத்தார், நடக்கத் தொடங்கினார், குளிசைகளையும் நேரத்துக்குப் போட்டார். ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 8 வீதத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. நான் ஒரு குளிசையைக் கூட்டினேன். பிறகு இன்னொன்றைச் சேர்த்தேன். ஊசிக்கு மாறுவது பற்றிக் கதைத்த அன்று, கதையோடு கதையாக அவர் சொன்னார்:

"டொக்டர், இப்ப கொஞ்ச நாளா இறைச்சி சப்ப ஏலாமக் கிடக்கு. கொடுப்புப் பல்லு ரெண்டு ஆடுது. நோவு ஒண்டும் இல்லை. முரசில சூடு போல, பிறஷ் பட்டா ரத்தம் வருகுது. அதால இப்ப விரலாலதான் தீட்டுறன்."

விளக்கைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முரசு வீங்கிச் சிவந்திருந்தது. பல்லின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. இத்தனை வருடங்களில் எத்தனை தடவை அவரை "ஆ" சொல்லச் சொல்லித் தொண்டையைப் பார்த்திருப்பேன்! ஒரு தடவையாவது முரசைப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது கேட்கவும் இல்லை. தவறு என்னுடையது. அந்தத் தவறுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பல் வைத்தியரிடம் நோவு வந்தால்தான் போகிறோம். முரசு நோயோ பெரும்பாலும் நோவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்கள் மக்களின் பற்களைக் கொண்டுபோகின்றன. அதுவும், சிகிச்சைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத ஒரு நாட்டில் இருந்துகொண்டு!

முரசு நோய் என்றால் என்ன?

இந்தியத் தமிழில் ஈறு என்பார்கள், நாங்கள் முரசு என்போம். பல்லைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டி போல முரசு இறுகப் பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே பல்லின் வேரை நார்களும் தாடை எலும்பும் தாங்குகின்றன.

நாங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வாயில் உள்ள பற்றீரியாக்கள் பல்லின் மேல் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. காலையில் எழுந்து நாக்கால் பல்லைத் தடவினால் தெரியுமே, அதுதான். முரசின் விளிம்பிலும் பற்களுக்கு இடையிலும் அதை அகற்றாமல் விட்டால், உடல் அதை எதிர்த்துப் போராடத் தொடங்கும். முரசு சிவக்கும், வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். இது முதலாம் கட்டம், முரசு அழற்சி.

இந்தக் கட்டத்தை வடிவாக விளக்கிய ஒரு பரிசோதனை 1965 இல் வெளியானது. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் வைத்திய ஆய்வாளர், டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் முரசு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தீட்டுவதை நிறுத்தச் சொன்னார். அவர்களில் பெரும்பாலானோர் பல் வைத்திய மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் முரசு அழற்சி வந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை. பிறகு திரும்பவும் தீட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு கிழமையில் எல்லோருக்கும் மாறிவிட்டது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

மூன்று கிழமை தீட்டாவிட்டால் வரும், ஒரு கிழமை ஒழுங்காகத் தீட்டினால் மாறும். முதலாம் கட்டம் அவ்வளவு எளிமையானது. ஆனால் எங்கள் அக்கா என்ன செய்தார்? இரத்தம் வந்ததும் பிறஷை வைத்துவிட்டார். நெருப்புப் பிடித்த வீட்டில் தண்ணீரை நிறுத்திய மாதிரி.

இதை வருடக்கணக்கில் விட்டால் சிலருக்கு இரண்டாம் கட்டம் தொடங்கும். முரசு பல்லை விட்டுக் கழன்று, இடையில் ஒரு பை உருவாகும். அந்தப் பைக்குள் பிறஷ் போகாது. உள்ளே அழற்சி தொடர்ந்து, நார்களும் எலும்பும் கரையும். இதைத்தான் யேர்மன் மொழியில் பரோடொன்ரிற்றிஸ் என்கிறார்கள். சாதாரண மக்கள் பரோடொன்ரோஸ என்று சொல்வதும் இதைத்தான். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. ஆனால் கரைவதை நிறுத்தலாம். சிகிச்சையின் நோக்கமே அதுதான்.

மலையகத் தொழிலாளர்கள் உலகுக்குச் சொல்லித்தந்தது

"எங்கட அப்பு பிறஷையே கண்டதில்லை. 80 வயதிலும் கரும்பு கடிச்சுச் சாப்பிட்டவர்" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. இதற்கான பதில் எங்கள் இலங்கையிலேயே இருக்கிறது.

அதே ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 இல் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்து பதிந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பிறஷோ பற்பசையோ பல் வைத்தியரோ அவர்கள் வாழ்க்கையில் இருக்கவில்லை. எந்தச் சிகிச்சையும் கிடைக்காதபோது முரசு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். அதே நபர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, 1986 இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் இருந்தன. எல்லோருக்கும் முரசு அழற்சி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் மூன்று வழியில் பிரிந்தார்கள். 8 வீதமானவர்களுக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதளவில் அவர்களுடைய பற்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. 81 வீதமானவர்களுக்கு அது மெதுவாக, ஆனால் நிற்காமல் முன்னேறியது. மீதி 11 வீதமானவர்களுக்கு முரசு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை.

உங்கள் அப்பு அந்த 11 வீதத்தில் ஒருவராக இருந்திருப்பார். அவருக்கு அது அதிர்ஷ்டம். அவருடைய பேரப்பிள்ளையான நீங்கள் எந்தப் பிரிவு என்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தைப் பல் அநேகமாக இருக்கவில்லை. அதாவது, ஓட்டையே இல்லாத, நல்ல பற்கள் விழுந்தன. "எனக்குச் சூத்தை இல்லை, என் பல் நல்லது" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூவர் நன்றாக இருந்தாலும் அத்திவாரம் போனால் வீடு நிற்காது.

2010 இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பவும் அங்கே போனார்கள். முதலில் இருந்த 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. அவர்களில் ஒரு பல்லையும் இழக்காதவரும் இருந்தார், 28 பற்களை இழந்தவரும் இருந்தார்.

உலகின் பல் வைத்தியப் பாடநூல்களில் இந்த ஆய்வு இருக்கிறது. எந்த வசதியும் இல்லாத எங்கள் மக்களின் வாயிலிருந்து பெற்ற அறிவு அது. அவர்கள் விலை கொடுத்தார்கள், உலகம் படித்தது. வசதி எல்லாம் உள்ள நாட்டில் வாழும் நாங்கள் அந்தப் பாடத்தைப் படிக்காமல் பல்லை இழப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோவு இருந்தால்தான் வைத்தியர் என்று எங்கே படித்தோம்?

ஊரில் பல் வைத்தியம் என்றால் தர்மாஸ்பத்திரியில் பல்லுப் பிடுங்கும் வரிசை. நோவு தாங்க முடியாமல் போவோம், பிடுங்கிவிடுவார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். "பார்த்துவிட்டு வாருங்கள்" என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

பிறகு யேர்மனிக்கு வந்தோம். 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அகதிகள் உதவிச் சட்டம், தஞ்சம் கோரியவர்களுக்குக் கடும் நோய்க்கும் நோவுக்கும் மாத்திரமே சிகிச்சை என்று எழுதியது. சமூகநல அலுவலகத்தில் துண்டு வாங்க வேண்டும். துண்டு கிடைக்க நோவு இருக்க வேண்டும். நானும் அந்தத் துண்டுடன் நின்றிருக்கிறேன். "எங்கே நோகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அங்கே எங்களுக்கு வேலையும் இல்லை.

ஊரில் பழகியதை இங்கே சட்டமும் உறுதிப்படுத்தியது. வதிவிட அனுமதி கிடைத்தது, வேலை கிடைத்தது, காப்புறுதி அட்டை கிடைத்தது, பலருக்குக் குடியுரிமையும் கிடைத்தது. ஆனால் பல் விடயத்தில் நாங்கள் இன்னும் அந்தத் துண்டுக் காலத்திலேயே இருக்கிறோம்.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. 2024 பெப்ரவரியிலிருந்து அது பொதுவாக முதல் 36 மாதங்களுக்கு நீள்கிறது. அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது, வந்த முதல் கிழமையிலேயே ஒரு நல்ல பிறஷையும், பல்லிடைப் பிறஷையும் வாங்கிக் கொடுத்து, பாவிக்கும் முறையைக் காட்டிக் கொடுப்பது. ஒரு சில யூரோவுக்குள் முடியும் உதவி.

சூடு, வயது, பரம்பரை

என் அறையில் நான் அடிக்கடி கேட்கும் நம்பிக்கைகள் சில.

"முரசில் இரத்தம் வருவது உடம்புச் சூட்டால்." இல்லை. பெரும்பாலும் அது பல்லில் படிந்த படலத்தால். மோரும் இளநீரும் நல்லவைதான், ஆனால் அவை படலத்தைச் சுரண்டாது. குருதி உறைவதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தம் கூடுதலாக வரலாம். அரிதாக இரத்த நோய்களும் காரணமாகலாம். நன்றாகத் தீட்டியும் இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"வயது போனால் பல் விழும்." வயதால் பல் விழுவதில்லை. பல வருடங்களாக ஓடிய நோயால் விழுகிறது.

"கல் எடுத்தால் பல் ஆடத் தொடங்கும்." இது மிகவும் பரவலான பயம். படலம் உமிழ்நீரில் உள்ள கனியங்களோடு சேர்ந்து கல்லாக இறுகுவதுதான் பற்காரை. யேர்மன் மொழியில் சான்ஸ்ரைன். எலும்பு ஏற்கனவே கரைந்த வாயில் அந்தக் கல் சீமெந்து போலப் பல்லைப் பிடித்துவைத்திருக்கும். கல்லை எடுத்ததும் உண்மை வெளியே தெரியும். ஆட வைத்தது நோய், பழி வைத்தியர் மேல்.

"உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், கராம்பு போதும்." உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், கராம்பு நோவைத் தணிக்கும். நான் அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும்கூட அந்தக் காலத்தில் நல்ல வேலை செய்தன. ஏனென்றால் குச்சியின் நார் படலத்தைத் தேய்த்து எடுத்தது. தேய்ப்பதுதான் மருந்து. கொப்பளித்தால் மாத்திரம் படலம் போகாது.

"வெற்றிலை போட்டால் முரசு இறுகும்." வெற்றிலைக் காவி இரத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். பாக்கு, புகையிலை சேராமலே, வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. கொண்டாட்டத்துக்கு ஒரு நாள் போடுவதைப் பற்றி நான் கதைக்கவில்லை. தினமும் சப்புபவர்கள் நிறுத்த வேண்டும். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு தழும்பு இரண்டு மூன்று கிழமையில் மாறாவிட்டால் உடனே காட்ட வேண்டும்.

புகைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புகை முரசின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்தம் வராது. முரசு இறுக்கமாக, நல்லதாகத் தெரியும். உள்ளே எலும்பு வேகமாகக் கரையும். இரத்தம் வரவில்லை என்பது அவர்களுக்கு ஆறுதல் இல்லை.

நீரிழிவும் முரசும்

எங்கள் மக்களுக்கு நீரிழிவு அதிகம் என்பது தெரிந்த விடயம். ஐரோப்பியர்களைவிட இளவயதிலும், மெலிந்த உடம்பிலும் எங்களுக்கு அது வருகிறது. அதனால் இந்தப் பகுதியை ஊன்றிப் படியுங்கள்.

சீனி கூடினால் முரசு நோய் கூடும். உடலின் எதிர்ப்புச் சக்தி குழம்புவதாலும், காயம் ஆறத் தாமதிப்பதாலும் இது நடக்கிறது. அதேபோல, முரசு நோய் கூடினால் சீனி கூடும். எல்லாப் பற்களையும் சுற்றி நோய்ப் பை உள்ள ஒருவரின் வாயில் உள்ள புண்ணைச் சேர்த்து விரித்தால், அது ஒரு சிறிய காயமாக இருக்காது. அப்படியொரு புண் காலில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். அந்த அழற்சி இரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு முரசு சிகிச்சை செய்தால், எச்.பி.ஏ.1.சி சில மாதங்களில் சராசரியாக 0.3 முதல் 0.4 வரையான வீதப்புள்ளிகள் குறைவதை ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஆனால் நான் எழுதித்தரும் இன்னொரு குளிசை இதைவிட அதிகம் செய்யாத சந்தர்ப்பங்கள் உண்டு.

மாரடைப்பும் பக்கவாதமும் முரசு நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஒன்றால்தான் மற்றது வருகிறது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதனால் பயமுறுத்த விரும்பவில்லை. பல்லுக்காகவும் சீனிக்காகவும் செய்தாலே போதிய காரணம்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிப்பின் வகைக் குளிசை எடுக்கும் சிலருக்கு முரசு தடித்து வளரும். அப்படித் தெரிந்தால் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள், மாற்றித் தரலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஓர்மோன் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்கி இரத்தம் வரும். கர்ப்பம் என்று சொல்லிப் பல் வைத்தியரைத் தவிர்க்க வேண்டாம். கர்ப்பம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிராங்கன்காசை எதற்குக் காசு கொடுக்கிறது?

2025 இல் வெளியான யேர்மனியின் ஆறாவது வாய்ச் சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் ஏறக்குறைய 1 கோடி 40 இலட்சம் பேருக்குக் கடுமையான முரசு நோய் இருக்கிறது. எனவே இது அகதிகளின் நோயும் இல்லை, ஏழைகளின் நோயும் இல்லை. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அரச காப்புறுதி உள்ள எல்லோருக்கும் உள்ள உரிமைகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வருடாந்தப் பரிசோதனை. போனுஸ்ஹெஃப்ட் என்ற சிறு புத்தகத்தில் பதிவு வாங்குங்கள். பின்னாளில் கட்டுப்பல்லோ முடியோ தேவைப்பட்டால், காசை அடிப்படைச் சிகிச்சையின் செலவில் 60 வீதம் தரும். 5 வருடப் பதிவு ஒழுங்காக இருந்தால் 70 வீதம். 10 வருடம் இருந்தால் 75 வீதம். வருமானம் குறைந்தவர்களுக்கு அடிப்படைச் சிகிச்சையின் முழுச் செலவையும் தர முடியும், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

2. வருடத்துக்கு ஒருமுறை பற்காரை எடுத்தல்.

3. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முரசு அளவு. யேர்மன் மொழியில் பே.எஸ்.ஈ என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள். மெல்லிய கோலொன்றை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. 0 முதல் 4 வரை ஓர் எண் தருவார்கள். 3 அல்லது 4 என்றால் மேலும் பார்க்க வேண்டும். இந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் இரத்த அழுத்த எண் உங்களுக்குத் தெரியும், இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

4. முரசு நோய்ச் சிகிச்சை. பை 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் ஆழமாக இருந்தால், காசையின் அனுமதி பெற்று, விறைப்பு ஊசி போட்டு, முரசுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வார்கள். 3 முதல் 6 மாதத்தில் திரும்ப அளப்பார்கள். ஆழமான பை மீதியிருந்தால் சிலருக்குச் சிறு சத்திரசிகிச்சை.

5. தொடர் பராமரிப்பு. இதுதான் பலருக்கும் தெரியாதது. 2021 ஜூலை 1 வரை சிகிச்சை முடிந்ததும் காசையின் பொறுப்பும் முடிந்துவிடும். நோய் திரும்பி வரும். அன்றிலிருந்து புதிய விதிமுறைப்படி இரண்டு வருடத் தொடர் பராமரிப்பும் காசையின் செலவில் கிடைக்கிறது. நோயின் வேகத்தைப் பொறுத்து வருடத்துக்கு 1, 2 அல்லது 3 தடவை. எச்.பி.ஏ.1.சி 7 வீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களும், நாளொன்றுக்கு 10 சிகரெற் அல்லது கூடுதலாகப் புகைப்பவர்களும் வேகமான பிரிவில் சேர்க்கப்படுவதால் அவர்களுக்கு 3 தடவை. எனவே உங்கள் புதிய சீனி அளவை எழுதிய தாளைப் பல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் என்னைப் போன்ற குடும்ப வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சிகிச்சைக்கு நீங்கள் கையிலிருந்து பங்கு கட்டத் தேவையில்லை. இதோடு குழப்பிக்கொள்ளும் ஒன்று, பே.செற்.எர் என்று சொல்லப்படும் தொழில்முறைப் பல் சுத்தம். அது பொதுவாகச் சொந்தச் செலவு. சில காசைகள் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன, உங்கள் காசையிடம் கேளுங்கள். "பல் வைத்தியரிடம் போனால் காசு கேட்பினம்" என்ற பயம் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால் வருவது. "இதைக் காசை கட்டுமா, நான் கட்ட வேண்டுமா?" என்று முதலிலேயே கேட்பது உங்கள் உரிமை. சொந்தச் செலவு என்றால் எழுத்தில் தரவேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பெரும்பகுதி வேலை வீட்டிலேதான். வைத்தியர் வருடத்தில் சில மணித்தியாலம் பார்க்கிறார். மீதி நாட்கள் உங்கள் கையில்.

மென்மையான பிறஷால் காலையும் இரவும் 2 நிமிடம் தீட்டுங்கள். முரசும் பல்லும் சேரும் விளிம்பில் பிறஷைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சிறிது சிறிதாக அசையுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், சட்டி மினுக்குவது போல இல்லை. உமிக்கரி, செங்கல் தூள் போன்றவை பல்லைத் தேய்த்துவிடும், விட்டுவிடுங்கள்.

இரவில் ஒருமுறை பற்களுக்கு இடையில் சுத்தம் செய்யுங்கள். இடைவெளி உள்ளவர்களுக்குச் சிறு பல்லிடைப் பிறஷ் நூலைவிட நல்லது. அளவு முக்கியம், பல் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்கள் இரத்தம் வரும். பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கழுவாத இடத்தைக் கழுவுகிறீர்கள் என்று அர்த்தம்.

வயதான பெற்றோரின் வாயைப் பாருங்கள். அப்பாவின் தலையைச் சீவுகிறோம், நகம் வெட்டுகிறோம், வாயைத் திறந்து பார்ப்பதில்லை. பராமரிப்புத் தரம் பெற்றவர்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை வாய்ச் சுகாதாரப் பராமரிப்பு காசையின் செலவில் உண்டு. கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். மீதியிருக்கும் சொந்தப் பல்லையும் தீட்ட வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பலர் போகாததற்கு மொழியும் காரணம். பன்னிரண்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு போய், அவளைக்கொண்டு எலும்பு கரைவதை மொழிபெயர்ப்பிக்கும் தாய்மாரை நான் அறிவேன். அந்தப் பிள்ளைக்கு யேர்மன் தெரியும், தமிழில் அந்தச் சொல் தெரியாது. தாய்க்குப் பாதி புரியும், வெட்கத்தில் தலையாட்டுவார், பிறகு போகமாட்டார்.

எங்கள் அடுத்த தலைமுறையில் பல் வைத்தியர்களும், பல் வைத்திய உதவியாளர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பாடசாலை நடக்கும் சனிக்கிழமைகளில் பெற்றோர் மண்டபத்தில் இருந்து தேநீர் குடிக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமே. ஒரு பிள்ளை வந்து ஒரு மாதிரிப் பல்லில் காட்டட்டும். ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் பூ அலங்காரச் செலவில் ஒரு துளிகூட ஆகாது. விழாக்களில் பெரிய படம் எடுக்கச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் பல் இருக்க வேண்டாமா?

என் அக்காவின் கதையை முடிக்கிறேன். ஆடிய இரண்டு கொடுப்புப் பற்களையும் காப்பாற்ற முடியவில்லை. மற்றவற்றைக் காப்பாற்றினார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் சீனி அளவு முதல் தடவையாக 8 வீதத்துக்குக் கீழே இறங்கியது. முரசு சிகிச்சைதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அவர் நடப்பதையும் விடவில்லை. ஊசி பற்றிய பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். "முதலே சொல்லியிருக்கலாமே, டொக்டர்" என்றார். உண்மைதான். இப்போது நீரிழிவு உள்ள எல்லோரிடமும் கேட்கிறேன்: "பல் தீட்டும்போது இரத்தம் வருகிறதா? கடைசியாக எப்போது பல் வைத்தியரிடம் போனீர்கள்?"

அதே இரண்டு கேள்விகளை இன்றிரவு நீங்கள் உங்களிடம் கேளுங்கள். முதல் கேள்விக்கு "ஓம்" என்றாலோ, இரண்டாவதற்கு வருடம் நினைவில் வராவிட்டாலோ, நாளைக்குத் தொலைபேசி எடுத்து ஒரு ரேர்மின் வாங்குங்கள். எங்கே நோகிறது என்று கேட்டால், "ஒன்றும் நோகவில்லை, பார்க்க வருகிறேன்" என்று சொல்லுங்கள்.